நெட்பிளிக்ஸுக்குக் காசு கட்டுவதா, டெலிகிராமில் இறக்குவதா? திருகோணமலையில் எது கட்டுபடியாகும்?

கேள்வி: உப்புவெளியில் நான்கு பேர் உள்ள வீடு. கனடா மாமாவின் நெட்பிளிக்ஸ் இப்போது எங்கள் டிவியில் வேலை செய்வதில்லை. மாதம் முடியமுன்னரே டேட்டாவும் தீர்ந்துபோகிறது. சொந்தமாகக் கணக்கு எடுப்பதா, டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பதா?

பதில்:

கட்டுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தளத்துக்கு மட்டும், அதுவும் மாதம் மாதமாக.

சும்மா கிடைக்கிறது என்று இறக்கும் படத்துக்கும் டேட்டா காசு போகிறது. டெலிகிராமில் சுற்றும் 1080பி கோப்பு பெரும்பாலும் 2, 3 ஜிபி வரும். நெட்பிளிக்ஸ் ஆப்பில் செலுலார் டேட்டா யூசேஜ் என்ற இடத்தில் சேவ் டேட்டா போட்டுவிட்டால் 1 ஜிபிக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 420 எம்பி அளவில் முடிந்துவிடும், போன் திரைக்கு அந்தத் தரம் தாராளம். டேட்டாவைக் குடிப்பது டிவிதான். எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், அதே படத்துக்கு 7.5 ஜிபி. இதை டிவியில் குறைக்க முடியாது. ப்ரௌசரில் அக்கவுண்டுக்குள் போய், பிளேபேக் செட்டிங்கில் மீடியம் என்று மாற்ற வேண்டும், அப்போது மணிக்கு 0.7 ஜிபி. இந்த செட்டிங் ஒவ்வொரு ப்ரொபைலுக்கும் தனித்தனி. அப்பாவின் ப்ரொபைலில் மாற்றிவிட்டுப் பிள்ளைகளுடையதை ‘ஓட்டோ’ என்ற செட்டிங்கிலேயே விட்டால், கார்ட்டூன் ஓடியே டேட்டா காலியாகிவிடும். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால், போனில் பார்க்கப்போவதை அந்த நேரத்தில் டவுன்லோட் போட்டு வையுங்கள். சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகும், ஆகவே பாதியில் விட்டு அடுத்த வாரம் தொடரலாம் என்று நினைக்காதீர்கள்.

பிளான் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது: மொபைல் பிளான்தான் மலிவு, ஆனால் அது போன் அல்லது டேப் ஒன்றில் மட்டுமே ஓடும். டிவிக்கு அடுத்த பிளானாவது வேண்டும்.

மாமாவின் கணக்கு நின்றதற்குக் காரணம் உண்டு. 2023 முதல் நெட்பிளிக்ஸ் ஒரு கணக்கை ஒரு வீட்டுக்கு மட்டும் என்று இறுக்கிவிட்டது. டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்தே வீட்டைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு வெளியே பார்ப்பதற்கான தற்காலிகக் கோட் கேட்டால் அது மாமாவின் ஈமெயிலுக்குப் போகும், 15 நிமிடத்தில் செத்துவிடும். நமக்கு இரவு 8 மணி என்றால் டொராண்டோவில் காலை 9.30 அல்லது 10.30, அவர் வேலையில் நிற்கும் நேரம். ஒவ்வொரு முறையும் அவரைக் கரைச்சல்படுத்துவது சரிவராது.

காசு கட்டும்போது முதலில் கார்ட்தான் மறுக்கும். பல வங்கிகளின் டெபிட் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு பூட்டியே இருக்கும். வங்கியின் ஆப்பில் அல்லது ஹொட்லைனில் திறக்கச் சொல்லுங்கள். கட்டணம் டொலரில் வெட்டுப்படும், அதோடு வங்கியின் கட்டணமும் சேரும், எனவே ரூபாயில் மாதத்துக்கு மாதம் தொகை மாறும். சம்பளக் கணக்கின் கார்டைக் கொடுக்காமல், கொஞ்சக் காசு மட்டும் போட்டு வைக்கும் தனிக் கணக்கின் கார்டைக் கொடுங்கள். கட்டிய அன்றே கேன்சல் போட்டுவிடலாம், மாதம் முடியும்வரை படம் ஓடும். பார்த்த விபரமும் ப்ரொபைலும் 10 மாதம் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் வேறு தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம்.

கள்ளக் கோப்பும் 400 எம்பியில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. பயம் அதோடு சேர்ந்து வரும் ஏபிகேயில்தான், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பில். 'இந்த ஆப்பைப் போட்டால் எல்லாப் படமும் இலவசம்' என்று வருவது போனில் அக்சசிபிலிட்டி அனுமதி கேட்டால், உங்கள் திரையைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அதற்கு வழி கொடுக்கிறீர்கள். வங்கி ஓடிபியும் அதில் அடக்கம். படம் என்றால் கோப்பின் பெயர் எம்கேவி, எம்பி4 என்று முடியும், ஏபிகே என்று முடிவது படமே இல்லை. தவறிப் போட்டுவிட்டால் உடனே வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்தி, அக்சசிபிலிட்டியை அணைத்து, பிறகு ஆப்பை அழியுங்கள். அனுமதியை எடுக்காமல் அழிக்கப் போனால் சில ஆப்கள் விடாது. வங்கிக்கு வேறு போனில் இருந்து பேசுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவதற்கு 6 மாதம் வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். பென்டிரைவில் பிரதி போட்டு விற்பவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாப் படமும் இலங்கைக்கு வராது என்பது உண்மை. உரிமையை நாடு நாடாக விற்பதால், இந்தியாவில் உள்ள படம் இங்கே தேடலில் வராமல் போகலாம். ஆகவே கட்டமுன் அந்தத் தளத்தில் இலங்கைக்கு அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. நம் ஊர்ப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் யூடியூப்பில் இலவசமாகவே இருக்கின்றன. விளம்பர வருமானம் கிடைக்க ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 20 நிமிடப் படத்தை 12,000 பேர் முழுதாகப் பார்த்தால்தான் அந்த 4,000 மணி வரும். அதை இறக்கி வாட்ஸ்அப் குரூப்பிலோ வேறு பேஸ்புக் பக்கத்திலோ போட்டால், அங்கே எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் எடுத்தவரின் கணக்கில் ஒரு நிமிடமும் சேராது. கோப்பை அனுப்பாமல் லிங்கை அனுப்புங்கள்.