மூன்றாவது சீல் வாங்கும் முன் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எட்டு மாதத்தில் இரண்டு தடவை டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியாயிற்று. முதல் தடவை மூன்று மாதம் தாங்கியது. இரண்டாம் தடவை பத்தே நாளில் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. ‘பழைய கியர்பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது, அதையே மாற்றிவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். கியர் விழுவதில் பிரச்சினை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஸ்பேனர் பிடிப்பவன். இன்னொரு சீல் போட்டுப் பார்க்கலாமா? (ஈரோட்டு வாசகர் ஒருவர்)

பதில்: கியர்பாக்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கியர் சரியாக விழுகிறது, ஊளைச் சத்தம் இல்லை என்றால், ஒழுக்குக்காக மட்டும் பெட்டியை மாற்றுவது வாஷர் தேய்ந்த குழாய்க்காகத் தண்ணீர்த் தொட்டியை இடிக்கிற வேலை. அதுவும் 2014லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. நீங்கள் வாங்கப்போகிற அந்தப் பழைய பெட்டியிலும் இருப்பது பழைய சீல்தான். அதுவும் எந்தக் கடை வாசலில் எத்தனை வெயில் காய்ந்ததோ.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று மாதமும் பத்து நாளும்தான். இரண்டும் ஒரே நோய் அல்ல. பத்து நாளில் போன சீல் பெரும்பாலும் மாட்டும்போதே அடிபட்ட சீல். மூன்று மாதம் தாங்கிப் போனது என்றால், அது உட்கார்ந்து ஓடிய இடத்தில் ஏதோ கோளாறு. இரண்டையும் சரிசெய்யாமல் மூன்றாவது சீலைப் போட்டால் நான்காவதும் வாங்குவீர்கள்.

முதலில், ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கியர்பாக்ஸில் எண்ணெய் கசியக்கூடிய இடங்கள் பல உண்டு. கியர் மாற்றும் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. இவை கசிந்தால் எண்ணெய் பெட்டியின் மேலாக வழிந்து, கடைசியில் ஷாஃப்ட் முனையில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவர் சொட்டுகிற இடத்தைப் பார்த்து ‘ஷாஃப்ட் சீல்தான்’ என்று சொல்லிவிடுவார். டீசலும் பிரஷும் வைத்து அந்தப் பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

அப்போதே விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கறுப்பாக, நீர்க்க இருந்தால் இன்ஜின் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வட்டமாகச் சிதறிக் கிடப்பது கறுப்பு கிரீஸ் என்றால் கிழிந்திருப்பது ஷாஃப்டின் ரப்பர் பூட், அதாவது ரப்பர் உறை. அது தனிக் கதை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் சொட்டினாலும் ஷாஃப்ட் சீலைத் தொடாதீர்கள், அது வேறு சீலின் ஒழுக்கு.

அடுத்தது, யாருமே பார்க்காத பிரீதர். பெட்டியின் மேல் பக்கம் காற்று போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும். வண்டி ஓடும்போது எண்ணெய் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். இருபது வருடப் புழுதி அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால், விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். எவ்வளவு நல்ல சீலும் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. சுத்தம்செய்ய ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை.

அளவுக்கு மீறி ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். இந்த வண்டியின் கியர்பாக்ஸில் அளவுக்குச்சி கிடையாது. ஊற்றும் துவாரத்தின் விளிம்பே அளவு. வண்டி சமதளத்தில் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது விளிம்பைத் தொட்டு லேசாக வழிய வேண்டும். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவைத்தபடியே ஊற்றி மூடிவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்போது அளவு கூடலாம், குறையலாம், சரியாக மட்டும் இருக்காது.

இனி சீல் மாற்றும் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு இறங்குங்கள். எண்ணெயை வடிப்பதற்கு முன்னால் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்து நகரவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் இரும்புக் கை) பால் ஜாயின்ட்டைக் கழற்றினால் சக்கரப் பக்கம் வெளியே இழுபடும். ஷாஃப்டைப் பிடித்து மட்டும் இழுத்துவிடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் முனையை ஒரு கம்பி வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஷாஃப்டை இழுத்தால் அந்த வளையம் விடாது, ரப்பர் உறைக்குள் இருக்கும், ஷாஃப்டை மடங்கிச் சுழலவிடும் ஜாயின்ட்தான் பிரிந்து வரும். பெட்டிக்கும் ஜாயின்ட்டுக்கும் நடுவே தட்டை லீவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் ‘டக்’கென்று கழன்றுவிடும். இரண்டு பக்க ஷாஃப்டையும் ஒரே நேரத்தில் உருவ வேண்டாம்; சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் இடம் மாறி உட்கார்ந்து வேலையைப் பெரிதாக்கிவிடும்.

உருவுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஜாயின்ட்டின் பெட்டிப் பக்க முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மறுபக்க ஷாஃப்டிலும் அதேபோல் செய்து ஒப்பிடுங்கள். ஒழுகும் பக்கம் மட்டும் தெளிவாக லொடலொடவென்றால் குறை சீலில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலில் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) தேய்மானம். சீலின் உதடு, அதாவது ரப்பரின் உள்விளிம்பு, ஷாஃப்டைத் தொடுவது மயிரிழை அகலத்தில்தான். ஷாஃப்ட் ஆட்டம் போட்டால் அந்த உதடு கூடவே ஓட முடியாது.

ஆட்டம் இல்லையென்றால் ஷாஃப்டை உருவித் துடைத்து, சீல் உட்காரும் பளபளப்பான பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் ஒரு கோடு தெரியும். கோடு தெரிவதில் தவறில்லை. விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது நகம் அதில் மாட்டுகிறதா என்பதுதான் கேள்வி. மாட்டினால் ரப்பர் இரும்பைத் தின்றிருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும்; ஆனால் எண்ணெயில் கலந்த தூசியும் இரும்புத்தூளும் உதட்டில் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள்போல வருடக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் மூன்று மாதக் கணக்கு இங்கேதான் முடியும் என்பது என் ஊகம். புதுச் சீலின் உதடு போய் விழுவது அதே பள்ளத்தில்.

பள்ளம் லேசானது என்றால், புதுச் சீலைப் பழைய இடத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைக்கலாம். உதடு புது இடத்தில் ஓடும். அடியில் இருக்கும் எண்ணெய்த் துவாரத்தை அடைக்காமல், நேராக உட்கார இடமிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பள்ளம் ஆழம் என்றால், கால் மில்லிமீட்டர் தடிமனில் எவர்சில்வர் ஸ்லீவ் வருகிறது. அந்த இடத்தின் மேல் ஏற்றிவிட்டால் அதே அளவு சீலே போதும். ஷாஃப்ட் அளவுக்கு அது கிடைக்காவிட்டால் ஜாயின்ட்டை மாற்றிவிடுவது நல்லது. லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துக் கடைந்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை, சூட்டில் அந்த முனையின் பதம் போய்விடும்.

சீல் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். முகத்தில் 35-52-8 என்பதுபோல மூன்று எண்கள் பொறித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அளவு பொருந்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சில சீல்களின் உதட்டில் சாய்ந்த வரிகள் இருக்கும். சுற்றும் திசைக்கு ஏற்ப எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுவதற்காக. முகத்தில் அம்புக்குறி இருக்கிறதா, இடது வலது என்று பிரித்திருக்கிறார்களா என்று பார்த்து, எந்தப் பக்கம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவதில்தான் உங்கள் பத்து நாள் ரகசியம் இருக்கிறது. சீலின் பின்பக்கம் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். சுத்தியலால் நேரடியாகத் தட்டினால் அந்த ஸ்பிரிங் துள்ளி விழுந்துவிடும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. உதட்டின் குழியில் கொஞ்சம் கிரீஸ் அப்பிவிட்டால் ஸ்பிரிங் நகராது. சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற சாக்கெட்டோ குழாய்த்துண்டோ வைத்து, சுற்றிலும் சமமாக மெல்லத் தட்டி இறக்குங்கள்.

அதைவிடப் பெரிய எமன் ஷாஃப்ட் முனையின் பல்வரிகள். கத்திபோல இருக்கும். நான் வேலை கற்ற புதிதில், புதுச் சீல் போட்ட தைரியத்தில் ஷாஃப்டை ஒரே தள்ளாகத் தள்ளினேன். மறுநாள் காலை வண்டி திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் உதட்டில் ஒரு ஓரம் பிளேடால் அறுத்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து பல்வரிகள் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கியர் ஆயில் தடவி, ஷாஃப்டின் கனத்தைக் கையில் தாங்கியபடி நேராக நுழைத்து, உதட்டைத் தாண்டியதும் தாளை உருவிவிடுவேன். கம்பி வளையம் புதிதாகப் போடுங்கள். ‘டக்’ சத்தம் கேட்ட பிறகு ஜாயின்ட்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வெளியே வரக்கூடாது.

ஆயில் 75டபிள்யூ-90, ஜி.எல்-4 ரகம் வாங்குங்கள். ஜி.எல்-5 என்றால் இன்னும் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். அதன் ரசாயனம் கியர் மாறும்போது உதவுகிற பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஒழுக்கை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கிற திரவமும் வேண்டாம். காய்ந்து இறுகிய பழைய ரப்பரைச் சற்று ஊதவைப்பது அதன் வேலை. ஷாஃப்டில் இருக்கும் பள்ளத்தை அது என்ன செய்யும்? வெளியே சிலிகான் பூசி அடைப்பதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

வேலை முடிந்த அன்று இரவு கீழே ஒரு அட்டை விரித்து வையுங்கள். முதல் நாள் ஒரு சொட்டு கிரீஸ் கலந்து விழுந்தால் பதற வேண்டாம், நீங்கள் அப்பியதுதான். ஒரு வாரம் கழித்து அட்டை சுத்தமாக இருக்கிறதா என்றும், ஆயில் விளிம்பில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டிப் பார்த்தபோது ஷாஃப்ட் லொடலொடத்தது என்றால் மட்டும் மெக்கானிக் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. அப்போதும் பழைய பெட்டியை வாங்கச் சொல்லமாட்டேன். உங்கள் பெட்டியையே இறக்கிப் பிரித்து, உள்ளே தேய்ந்தது எதுவோ அதை மாற்றச் சொல்லுங்கள். இறக்கியது இறக்கியதுதான், கிளட்ச் பிளேட்டையும், இன்ஜின் பக்கம் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் அப்போதே பார்த்துவிட்டால் இரண்டாவது தடவை இறக்குகிற கூலி மிச்சம்.