உள்ளீடற்ற ஃபைபரில் உயர்திறன் லேசர்: கேள்வி பதில்

கே: உயர்திறன் லேசர் ஒளியைக் கொண்டுபோக, நடுவில் கண்ணாடிக்குப் பதில் காற்று இருக்கும் உள்ளீடற்ற ஃபைபர் எதற்கு? சாதாரணக் கண்ணாடி ஃபைபரின் மையத்தையே பெரிதாக்கினால் போதாதா?

ப: துடிப்பு லேசருக்குப் போதாது. 100 மைக்ரோஜூலை 300 ஃபெம்டோநொடிக்குள் அடைத்தால் உச்சத் திறன் 300 மெகாவாட்டைத் தாண்டும். 1 மைக்ரான் அலைநீளத்தில், சிலிக்கா கண்ணாடிக்குள் ஏறக்குறைய 4 மெகாவாட்டிலேயே ஒளி தன்னைத்தானே குவித்துக்கொண்டு கண்ணாடியை உடைக்கப் பார்க்கும். இந்த வரம்பு மொத்தத் திறனைப் பொறுத்தது. மையத்தை அகலமாக்கினாலும் நகராது. காற்றில் அதே வரம்பு ஜிகாவாட் கணக்கில் இருக்கிறது. எதிர் ஒத்ததிர்வு (anti-resonant) எனப்படும் உள்ளீடற்ற ஃபைபர் வகையில், மையத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் ஒளியை நடுவிலேயே நிறுத்துகின்றன. கண்ணாடிக்குள் போவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 2022இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 1 கிலோவாட்டை 1 கிலோமீட்டர் அனுப்பியது இப்படிப்பட்ட ஃபைபரில்தான்.

கே: 2 கிலோவாட் தொடர் லேசரில் தகடு வெட்டுகிறோம். மாறலாமா?

ப: வேண்டாம். 100 மைக்ரான் கண்ணாடி ஃபைபரே போதும்.

கே: நுழைமுனை கருகிவிட்டது. ஏன்?

ப: ஒளிக்கற்றை குழாய்ச் சுவரில் பட்டிருக்கும். குவியும் இடத்தில் அதன் விட்டம் மைய விட்டத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கட்டும். சீரமைக்கும்போது லேசரின் மின்னோட்டத்தைக் குறைக்காதீர்கள். கற்றையின் அகலமும் திசையும் மாறிவிடும். முழுத் திறனில் ஓடவிட்டு, வெளியே ஒளியின் திறனைக் குறைக்கும் தணிப்பான் வையுங்கள். அப்புறம், முனையை ஈரத்தால் துடைக்காதீர்கள்.

கே: ஐசோபுரோப்பனால் பரவாயில்லையா?

ப: ஈரம் என்றேனே. நுண்புழைகள் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் முனையை வெட்டி எறிவதுதான்.

கே: நான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

ப: உங்கள் ஃபைபரில் முனைமூடி, அதாவது முனையை அடைக்கும் கண்ணாடித் துண்டு, இருக்கும்.

கே: அசிட்டோன்?

ப: கூடாது!

கே: மூடியே எதற்கு? திறந்த முனையில் உலர் நைட்ரஜன் ஊதினால் தூசி வராதே.

ப: தூசி வராது, சரி. ஆனால் நைட்ரஜன் மூலக்கூறு சுழலும். நீளமான ஃபைபரில் உச்சத் திறன் ஏறினால் ராமன் சிதறல் (அந்தச் சுழற்சிக்கு ஒளி ஆற்றலைக் கொடுத்துவிடுவது) உங்கள் ஒளியை வேறு அலைநீளங்களுக்குத் தள்ளிவிடும்.

கே: 3 மீட்டரில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

ப: 3 மீட்டரில் தெரியாமல் இருக்கலாம். நீளத்தைக் கூட்டிவிட்டு நிறமாலைமானியைப் பாருங்கள், திறன்மானியை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

கே: அப்படியானால் வெற்றிடமா?

ப: வெற்றிடம், அல்லது ஆர்கான். ஆர்கான் தனி அணு. சுழற்றவோ அதிரவைக்கவோ அதில் பிணைப்பே இல்லை. இரண்டுக்குமே மூடிய அறை வேண்டும். அதன் சன்னலை முனையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கே கற்றை விரிந்திருக்கும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் தேவை.

கே: 10.6 மைக்ரான் கார்பன் டைஆக்சைடு லேசருக்கு?

ப: அது வேறு குடும்பம். உட்சுவரில் உலோகம் பூசிய குழல்களைத் தேடுங்கள்.