பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவில் எது அசல், எது மாற்றியது?

ஹட்டன் பக்கம் வீட்டில் கிடந்த 1960களின் ரேடியோவில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று எப்படி அறிவது என்பது கேள்வி.

முதலில் பாகங்கள் பொருத்திய சுற்றுப் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசல் ஈயப்பற்று மங்கி, ஒரே அளவில் இருக்கும். பின்னர் வைத்தது பளபளக்கும், சுற்றிலும் பற்றவைக்க இடும் பழுப்புப் பிசினான ரோசனம் ஒட்டியிருக்கும். மலைநாட்டு ஈரத்தில் பழைய கம்பிகள் பச்சை பூத்திருக்க, ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து ட்ரான்சிஸ்டர். ஓசி71, ஏசி128 போன்றவை ஜெர்மானியம் என்ற பொருளால் ஆன பழைய வகை. அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உடலில் பிசி557 என்ற சிலிக்கான் வகை நின்றால் கட்டாயம் மாற்றியதுதான். ரேடியோ ஓடும்போது ட்ரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்ற இரு கால்களுக்கும் இடையே மீட்டரால் அளந்தால் ஜெர்மானியம் 0.1 முதல் 0.3 வோல்ட் காட்டும், சிலிக்கான் 0.6 அளவில். ஒலிபெருக்கியை ஓட்டும் இரட்டை ட்ரான்சிஸ்டரில் (வெளியீட்டுச் சோடி) சிலிக்கானைப் போட்டு, அதன் பேஸுக்குக் கொடுக்கும் நிலையான வோல்ட்டை (பயஸ்) மாற்றாமல் விட்டால் சத்தத்தைக் குறைக்கும்போது குரல் கரகரக்கும்.

அதிகம் தவறுவது பிளஸ், மைனஸ் முனை பார்த்துப் பொருத்த வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரில். பல பழைய பெட்டிகளில் பற்றரியின் பிளஸ்தான் தரை, அதாவது சுற்றின் பொது இணைப்பு. அதை மறந்து முனை மாற்றிப் பொருத்திவிடுகிறார்கள். கப்பாசிட்டரின் பிளஸ் முனை பிளஸ் பக்கம்தான் இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள்.

ஏஎஃப்117 என்ற ட்ரான்சிஸ்டர் இருந்தால் அது அசலாக இருந்தும் பழுதாகியிருக்கலாம். உள்ளே தகர இழை வளர்ந்து அதன் உலோக உறையைத் தொடும். உறையோடு இணைந்த நான்காவது கம்பியை வெட்டினால் பலவேளை ரேடியோ மீண்டும் பேசும்.