மில்கள் மூடிய பிறகும் கோயம்புத்தூர் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஐடி வந்ததால்தான் என்று பலரும் சொல்வார்கள். இங்கே ஐடி கம்பெனிகளுக்கான டைடல் பார்க் திறந்ததே 2010ல்தான். எங்கள் அப்பா வேலை பார்த்த மில் அதற்குப் பத்து வருடம் முன்பே மூடிவிட்டது. நடுவில் ஊருக்குச் சோறு போட்டது லேத்துப் பட்டறைகள்.

முதல் பஞ்சு மில் 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்தது. ஆனால் மில்கள் வரிசையாக முளைத்தது 1930களில், நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு. அதே கரண்ட் தோட்டத்துக்கும் போனது. கொங்கு நாடு மழை குறைந்த பூமி, கிணறுகள் ஆழம். மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்தார்கள். மில்லுக்கு உதிரி பாகம் வார்த்த ஃபவுண்டரிகள் பம்புக்கும் வார்த்தன. மில் மெஷினைக் கழற்றிப் பூட்டிப் பழகிய பிட்டர்கள் தனியாகப் பட்டறை போட்டார்கள். பஞ்சாலை நன்றாக ஓடிய காலத்திலேயே இரும்பு வேலையும் பக்கத்தில் வேர் விட்டிருந்தது. அதனால்தான் மில் போனபோது ஊர் மொத்தமாகச் சாயவில்லை.

அப்பாவும் பிட்டர்தான். மில் மூடிப் பத்து நாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கணபதிப் பகுதியில் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்துகொண்டிருந்த மாமாவின் பட்டறைக்குப் போனார். முதல் நாள் மாமா ஒரு பம்பு ஷாஃப்டைக் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் பாருங்க மச்சான்" என்றாராம். அப்பா விரலால் மெல்லத் தடவிவிட்டு, "பேரிங் உக்கார்ற பக்கம் டேப்பர் இருக்குது மாப்ளே" என்றார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அப்படியே, அந்தப் பக்கம் லேசாகச் சிறுத்துக்கொண்டு போயிருந்தது. இருபத்தைந்து வருட மில் வேலை அந்த விரல் நுனியில் இருந்தது.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனசு வரவில்லை. மில்லில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் உண்டு. யாரும் சும்மா கொடுத்ததில்லை, போராடி வாங்கியது. சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரியில் தூக்கில் ஏறிய ஊர் இது. பட்டறையில் ஆர்டர் இருந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. 2012 மின்வெட்டில் பாதி நாள் லேத்து சுற்றவே இல்லை. ஆறு பேர் வேலை செய்கிற இடத்தில் சங்கம் எங்கே வைப்பது? மில்லிலிருந்து அப்பாவுக்கு வர வேண்டிய கிராஜுவிட்டி கைக்கு வர ஒன்பது வருடம் ஆனது. அதற்குள் அக்கா கல்யாணமே முடிந்துவிட்டது, அம்மாவின் வளையல்களை அடகு வைத்து.

பெண்கள் பாடு இன்னும் மோசம். அத்தை அதே மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் இருந்தார். லேத்துப் பட்டறையில் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? விடிவதற்கு முன் பஸ் பிடித்துத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனார். இருபது வருடம் போனார். கண் சரியாகத் தெரியவில்லை என்றுதான் கடைசியில் நின்றார்.