பெங்களூருக்கு வருகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓசூர் வாசகி: இரண்டு பிள்ளைகள், முட்டி வலியுள்ள மாமியார், கணவர் என்று ஐந்து பேர் வருகிறோம். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். லால்பாக், கப்பன் பார்க் எல்லாம் பார்த்தாயிற்று. புதிதாக என்ன இருக்கிறது?

முதலில் ஒன்று, காரை எடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ திறந்துவிட்டார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓசூர் பஸ்ஸில் அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால், சில்க் போர்டு சந்திப்பை மேலேயே கடந்துவிடலாம். அந்த சிக்னலில் மாட்டிக்கொண்டு, பின் சீட்டில் பிள்ளைகள் அழ, காலை நேரம் முழுவதையும் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ! எனக்கு இந்த ரயில்தான் ஊரின் முதல் புதுக் காட்சி.

ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கும், மெஜஸ்டிக்கில் ஊதா வழிக்கும் மாறி, கப்பன் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். மெஜஸ்டிக்கில் மாறும்போது நடை கொஞ்சம் அதிகம். லிஃப்ட் இருக்கிறது, மாமியாரை அவசரப்படுத்தாமல் கூட்டிப் போங்கள். வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்து கஸ்தூர்பா ரோடு. அங்கேதான் 2023 பிப்ரவரியில் திறந்த ‘மேப்’, அதாவது கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். வெளிச்சுவர் முழுக்க எஃகுத் தகடு. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி நிற்கும். பழைய சினிமா போஸ்டர், காலண்டர் படம், துணி, புகைப்படம் என்று அவர்களுடைய சேகரிப்பு பெரியது. கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் போகிற வாரம் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூஜை அறையில் மாட்டுகிற சாமி படத்தையும் கலை என்று மதித்துச் சேர்த்து வைக்கிற இடம் இது. உங்கள் மாமியார்தான் உங்களுக்கு விளக்கம் சொல்லப் போகிறார்கள், பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பொறுமை போனால் எதிரிலேயே விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பழைய இடம்தான், ஆனால் அந்த என்ஜின் கூடத்துக்குள் விட்டால் வெளியே இழுப்பது கஷ்டம். மதியம் பக்கத்திலேயே செயின்ட் மார்க்ஸ் ரோடு ‘கோஷீஸ்’. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம், பெரியவர்களை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். ஒரு நாளுக்கு இது போதும். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கணவர் கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: மகள் வாய்ப்பாட்டு கற்கிறாள். அவளுக்குப் பிடிக்கிற மாதிரி பெங்களூரில் ஏதாவது உண்டா?

ஜே.பி. நகர் ஏழாவது ஃபேஸில் இருக்கிற இசை அருங்காட்சியகத்துக்கு அவசியம் கூட்டி வாருங்கள். ‘இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயர், 2019-இல் திறந்தது. பிஸ்மில்லா கான் வாசித்த ஷெனாய் அங்கே இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கருவிகளோடு முடிந்துவிடாது. ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கவும், தொட்டுப் பார்க்கவும் நிறைய உண்டு.

ஆனால் என் மனசு நிற்பது வெளியே இருக்கிற ஒலித் தோட்டத்தில்தான். அங்கே ஒரு பெரிய கல்லைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். குழிக்குள் தலையை விட்டு, வாயை மூடி, ‘ம்ம்’ என்று ஒரு சுருதியைப் பிடிக்க வேண்டும். சரியான சுருதி அமைந்ததும் கல் முழுக்க அதிர்ந்து, அந்த அதிர்வு தாடை வழியாக நெஞ்சுக்கு இறங்கும். தம்பூராவோடு ஒட்டிப் பாடு என்று டீச்சர் வருஷக் கணக்கில் சொல்வது உங்கள் மகளுக்கு அந்த நிமிஷம் உடம்பிலேயே புரியும். நெல்லையப்பர் கோயில் இசைத் தூணைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இந்தத் தோட்டம் சொந்த வீடு மாதிரி. பச்சை மெட்ரோவில் ஜே.பி. நகரில் இறங்கி ஆட்டோவில் போகலாம். அரை நாள் ஒதுக்குங்கள்.

திருச்சி வாசகர்: ரீல்ஸில் பார்த்த டிபன் கடைகளில் எல்லாம் திருவிழாக் கூட்டம். எதற்கு நிற்கலாம், எதற்கு வேண்டாம்? சாம்பாரில் வெல்லம் போடுவதும் எங்களுக்கு ஒத்துவராது.

நெய் மிதக்க மிதக்கப் படம் பிடித்துப் போட்ட கடைக்காக ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டாம் என்பதே என் கட்சி. நின்று சாப்பிடுகிற தர்ஷினிகள் இந்த ஊரில் 1980-களிலேயே வந்துவிட்டன. கூட்டம் மளமளவென்று நகர்கிற கடையில் சாப்பிடுங்கள், இட்லி சூடாகவே கிடைக்கும்.

சாம்பார் பிரச்சினைக்கு என்னிடம் நேரான மருந்து இருக்கிறது. சங்கரபுரத்து ‘பிராமின்ஸ் காபி பார்’ கடையில் சாம்பாரே கிடையாது. 1965-லிருந்து நடக்கிற கடை. இட்லி, வடை, காராபாத் (நம்ம ரவா உப்புமா மாதிரி), கேசரிபாத், காபி, டீ, அவ்வளவுதான். தட்டை வாங்கிக்கொண்டு சட்னி ஊற்றுகிறவரிடம் நீட்ட வேண்டும். இட்லியே மூழ்குகிற அளவுக்கு ஊற்றுவார். தீர்ந்தால் மறுபடி போய் நீட்டலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு, கடைசியில் அரை வடையை மட்டும் சட்னியில் ஊற விட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நேஷனல் காலேஜ் மெட்ரோ பக்கம்.

அங்கிருந்து காந்தி பஜார் ‘வித்யார்த்தி பவன்’ தூரமில்லை. 1943-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பரிமாறுகிறவர் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேஜைக்கு மேஜை இறக்கி வைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். இங்கே காத்திருப்பதில் தப்பில்லை. உட்கார்ந்து சாப்பிடத்தானே போகிறீர்கள்.

மாலையில் வி.வி. புரம் தின்பண்டத் தெரு. மார்கழி, தை மாதத்தில் வந்தால் பிதுக்குப் பருப்பு (தோல் பிதுக்கிய பச்சை மொச்சை) போட்ட தோசையை விட்டுவிடாதீர்கள். அந்த வாசனை வருஷத்தில் அந்தச் சில வாரங்களுக்குத்தான்.

வேலூர் மாணவர்: பிளஸ் டூ படிக்கிறேன். கோளரங்கம் பார்த்துவிட்டேன். வேறு?

பெல்லாரி ரோட்டில் ‘சயின்ஸ் கேலரி’, தம்பி. 2024 ஜனவரியில் கட்டடம் திறந்தார்கள், முதல் கண்காட்சி கார்பன் பற்றியது. அனுமதி இலவசம். கண்காட்சியில் நிற்கிற இளைஞர்கள் உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள்தான். கூச்சப்படாமல் கேள்வி கேள், உட்கார்ந்து விளக்குவார்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி விடுவார்கள், அதனால் தேதி பார்த்துக் கிளம்பு.

சேலம் வாசகி: எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் லீவு. நீங்கள் சொன்ன இடங்களுக்கு அன்று வரலாமா?

மேப், இசை அருங்காட்சியகம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ரவா இட்லிக்குப் பேர்போன லால்பாக் ரோடு எம்.டி.ஆர். கூட அன்று மூடியிருக்கும். அதனால் காலையில் லால்பாக் பாறை மேல் ஏறுங்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதான பாறை அது. வெயில் ஏறுவதற்குள் இறங்கி பிராமின்ஸ் காபி பார், மாலையில் வி.வி. புரம். அருங்காட்சியகங்களை ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.