வலிக்காத புண்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 63. பதினான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. குறுவை நடவு சமயத்தில் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு புண் வந்தது. மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அகலம் இருக்கிறது. வலி இல்லை என்பதால் வயலுக்குப் போய்வருகிறார். தினமும் நான்தான் நுரைக்கிற மருந்து ஊற்றிக் கழுவி, சிவப்பு மருந்து தடவி, பவுடர் தூவி விடுகிறேன். இரவில் கட்டைப் பிரித்துக் காற்றாட விடுகிறோம். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் குழுவோடு வந்த நர்ஸம்மா, "இதெல்லாம் வேண்டாம், சலைனில் கழுவி மூடியே வையுங்கள், முக்கியமாக அந்தக் காலை ஊன்றவே கூடாது" என்றார். "டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் மாமா. போன வாரம் வெறும் வயிற்றில் சர்க்கரை 210. நர்ஸ் சொன்னதைக் கேட்கலாமா? நல்ல களிம்பு ஏதாவது சொல்வீர்களா? விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: டாக்டர் வாயால் கேட்டால்தான் மாமா ஒப்புக்கொள்வார் என்றால், டாக்டராக நானே சொல்கிறேன். அந்த நர்ஸம்மா சொன்னது அத்தனையும் சரி. இந்தப் பதிலை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மூன்று மாதம் என்பதோ 210 என்பதோ அல்ல. 'வலி இல்லை' என்ற சொல்தான். நரம்பு நன்றாக இருக்கிற காலில் ரூபாய் அகலத்துக்குப் புண் இருந்தால் நொண்டாமல் நாலடி நடக்க முடியாது. அந்த நொண்டல்தான் உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். அடிபட்ட இடத்தில் பாரம் விழாமல் அது பார்த்துக்கொள்கிறது. பல வருடச் சர்க்கரை கால் நரம்புகளை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரக்கச் செய்துவிடும். "கால் மதமதன்னு இருக்கு", "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு", "செருப்பு கழன்று விழுந்ததே தெரியலை" என்று நோயாளிகள் சொல்வதெல்லாம் இதைத்தான். மாமாவையும் கேட்டுப் பாருங்கள், இதில் ஒன்றாவது இருக்கும்.

இந்த உண்மை வெளிப்பட்டதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொழுநோயாளிகளின் கால் புண்களை ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு. உணர்ச்சி இல்லாத காலை அவர்கள் வலி தெரியாமல் மிதித்து மிதித்தே புண்ணாக்கிக்கொண்டார்கள். காலுக்கு மாவுக்கட்டு போட்டு, புண்ணின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டபோது வருடக்கணக்கில் ஆறாத புண்களும் ஆறின. பிறகு அவர் அமெரிக்கா போனபோது, இதே முறை சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பரவியது. நீல நிறத்தில் மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்பை ஊரில் யாராவது போட்டுப் பார்த்திருப்பீர்கள். உணர்ச்சியற்ற காலில் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவலாக விழவேண்டும் என்பதற்காக வந்த செருப்புதான் அது.

ஆகவே களிம்பு கேட்டீர்கள் அல்லவா, மிதிக்காமல் இருப்பதுதான் இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து. எவ்வளவு விலை உயர்ந்த களிம்பு தடவினாலும், அதன் மேல் அவருடைய முழு எடையும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை விழுந்தால், அன்றன்று முளைக்கிற இளம் சதை அன்றன்றே நசுங்கிப்போகும். இதில் வீட்டுக்குள் நடப்பதும் சேர்த்தி. 2003ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், காலில் புண் உள்ள 20 சர்க்கரை நோயாளிகளுக்குக் கழற்றி மாட்டக்கூடிய பாதுகாப்புக் காலணி கொடுத்து, எத்தனை அடிகள் அதோடு நடக்கிறார்கள் என்று கருவி வைத்து எண்ணினார்கள். மொத்த நடையில் 28 சதவீதம்தான் காலணியோடு நடந்திருந்தார்கள். வலி இருந்தால் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். அடுக்களை, கொல்லை, பாத்ரூம் எல்லாம் வெறுங்கால்தான். மாமாவுக்கு வீட்டுக்குள் மட்டும் போடத் தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவிடுங்கள். பூஜை அறையில் கூட இப்போதைக்குத் துணி உறையாவது காலில் இருக்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. ரத்த ஓட்டம் சரியாக இருந்து, கிருமித்தொற்றும் இல்லை என்று உறுதியானால் மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போடுவார்கள். கழற்ற முடியாது என்பதுதான் அதன் பலமே. அதுவரை வாக்கர் வைத்து, வலது காலில் பாரம் போடாமல் நடக்கட்டும்.

அடுத்து வயல். சம்பா வேலை நடக்கிற நேரத்தில் ஒரு விவசாயியை வீட்டில் உட்காரச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் திறந்த புண்ணோடு சேற்றில் இறங்குவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். அந்தச் சேற்றில் சாணமும் உரமும் எலி மூத்திரமும் கலந்திருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகும். மடை திறக்க, நாற்று எண்ண, ஆட்களுக்குக் கூலி கொடுக்க யாரை நிறுத்துவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். 'போகாதே' என்று மட்டும் சொன்னால் அவர் விடியற்காலையில் உங்களுக்குத் தெரியாமல் போவார். அவர் மனம் சமாதானமாகிற மாதிரி ஆள் ஏற்பாடு செய்துவிட்டால்தான் கால் வீட்டில் தங்கும்.

இனி கட்டு போடும் விஷயம். நீங்கள் மூன்று மாதம் தவறாமல் செய்த சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. முறையை மட்டும் மாற்றுங்கள். நுரைக்கிற மருந்து, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு, கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் செல்களையும் எரிக்கிறது. நுரை வந்தால் அழுக்கு வெளியேறுகிறது என்று தோன்றும். ஆறும் சதைக்கு அதனால் தினமும் அடி விழுகிறது. சிவப்பு மருந்தும் புது சதைக்கு நல்லதல்ல, அதை நாள்கணக்கில் தடவிக்கொண்டே இருக்க வேண்டாம். பவுடர் புண்ணுக்குள் கட்டிதட்டிப் போய் அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிடும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு எதுவும் இந்தப் புண்ணுக்கு வேண்டாம்.

கழுவ சலைன் நல்லது. அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரால் புண்ணைக் கழுவினால் தொற்று கூடுகிறதா என்பதையே ஆஸ்திரேலிய நர்சிங் ஆய்வாளர்கள் உலக ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கூடுவதாகத் தெரியவில்லை.

'காற்றாட விட்டால் காய்ந்து ஆறும்' என்பது நம் பாட்டி காலத்து நம்பிக்கை. சில மருத்துவர்களே இன்னும் சொல்கிறார்கள். 1962ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரப்பதத்தோடு இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் தோல் செல்கள் குடைந்துகொண்டு போகவேண்டும். ஈரமான பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும். நடவுக்கு வயல் பதமாக இருக்கவேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புண்ணுக்கும் பதம் உண்டு. வெடித்த கட்டாந்தரையாகவும் இருக்கக்கூடாது, சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப்போகும் அளவுக்குத் தண்ணீர் கட்டியும் நிற்கக்கூடாது. எந்தக் கட்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது கசிவைப் பொறுத்தது. அதை நர்ஸ் பார்த்துச் சொல்வார்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், செல்போனில் படமும் எடுங்கள். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்காவிட்டால், இதே வைத்தியத்தில் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆற வாய்ப்புக் குறைவு என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அப்போது 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைவா, எலும்பில் தொற்றா, பாரம் இன்னும் விழுகிறதா என்று தேடவேண்டும்.

நர்ஸ் சொன்னதைக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பயிற்சி முடித்த புதிதில், இதே மாதிரி உள்ளங்கால் புண்ணோடு ஒரு பெரியவர் வருவார். ஆறு வாரம் நான் களிம்பை மாற்றி மாற்றி எழுதினேன். கட்டு போடும் அறையில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருநாள், "ஐயா, செருப்பைக் கொடுங்க" என்று வாங்கித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் அடித்தட்டில் ஏறிய ஒரு சீமைக் கருவேல முள் உள்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. புண் இருந்த இடமும் முள் இருந்த இடமும் ஒன்றேதான். அந்தப் பெரியவர் ஆறு வாரமும் அந்த முள்மேல் நடந்துதான் என்னைப் பார்க்க வந்திருக்கிறார். அன்றிலிருந்து கால் புண்ணோடு வரும் யாரையும் செருப்பைப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை.

ஒரு புண்ணை டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். வாரத்துக்கு மூன்று முறை அதைத் திறந்து, கழுவி, மணத்தையும் நிறத்தையும் கவனித்து மூடுகிறவர் நர்ஸ். லண்டனில் கிறிஸ்டின் மொஃபட் என்ற நர்ஸும் அவர் குழுவினரும் நர்ஸ்களே நடத்தும் கால் புண் கிளினிக்குகளில் நாலு அடுக்கு அழுத்தக் கட்டு போட்டு, பல வருட நரம்புச் சுருட்டல் (ரத்தக் குழாய் புடைத்துச் சுருளும் வெரிகோஸ்) புண்களை ஆற்றிக் காட்டினார்கள். 1992ல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. (அது கணுக்காலுக்கு மேலே வரும் புண்ணுக்கான கட்டு. யாரோ சொன்னார்கள் என்று மாமாவின் காலை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆபத்து.)

விரல் இடுக்குகளையும் பாருங்கள். சேற்றில் நிற்கிறவர்களுக்குச் சேற்றுப்புண் சகஜம் என்று விட்டுவிடுகிறோம். அந்த வெடிப்புதான் கிருமிக்குத் திறந்த கதவு. கும்பகோணம் பக்கம் யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் ஒற்றியெடுக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் குறையும். இத்தனைக்கும் தேவை சோப்பும் ஒரு பழைய வேட்டித் துணியும்தான். மாமாவின் இடது காலுக்கும் இதைச் செய்யுங்கள். வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும். மத்தியானத்தில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் நடந்து கால் கொப்பளித்து வந்தவர்களை நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

சர்க்கரை 210ல் இருக்கும்போது புண் ஆறுவது சிரமம். புண் ஆறும்வரையாவது இன்சுலின் தேவைப்படலாம். 'போட்டால் கடைசிவரை போடணும்' என்ற பயத்தில் தள்ளிப்போடாதீர்கள், பலருக்குப் பிறகு மாத்திரைக்கே திரும்ப முடிகிறது. முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். சதை வளரப் புரதம் வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானிக்கலாம். பீடியோ புகையிலையோ இருந்தால் இன்றே விடவேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், தொற்று இல்லாத புண்ணை அது ஆற்றாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், பாதம் வீங்கினால், துர்நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், குளிர்காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சாவூருக்கோ கிளம்பிவிடுங்கள்.

இப்போது அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே விரலை எடுப்பது பற்றி இன்று பேச வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரமே காட்டவேண்டும். நைலான் இழையால் உணர்ச்சியையும், பாதத்தின் நாடித் துடிப்பையும் சோதிப்பார்கள். கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவார்கள். மழுங்கிய கம்பியால் புண்ணின் ஆழத்தைத் தொட்டுப் பார்த்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்று கவனிப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பில் தொற்று வந்த முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் திரும்ப எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள காய்ப்பைச் சீவி எடுப்பார்கள், அது அவருக்கு வலிக்காது. தடுப்பூசி போட்டு வெகுநாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் போடுவார்கள். அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது, அதன்கீழ் உங்கள் பக்கம் எங்கே பார்க்கிறார்கள் என்று அந்த நர்ஸம்மாவையே கேளுங்கள்.

போகும்போது மாமா வயலுக்குப் போட்டுப்போகிற செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.