மூன்று பறவைகளைவிட ஏழு பாட்டில்கள் பெரிது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கர். பத்து ஆண்டுகளாகப் புகைப்படம் எடுப்பதே என் பொழுதுபோக்கு. ஓர் அதிகாலையில், ஏரியில் கழி ஊன்றிப் படகு செலுத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைப் படம் எடுத்தேன். பிறகு கணினியில் அந்தப் படத்தில் மூன்று வேலைகள் செய்தேன். இருபது நிமிடம் கழித்து அதே இடத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து மூன்று வெள்ளைப் பறவைகளை வெட்டியெடுத்து, திருப்பி, இதில் சேர்த்தேன். படகைச் சுற்றி மிதந்த ஏழு பிளாஸ்டிக் பாட்டில்களை, செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றால் அழித்தேன். முதியவரின் முகத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டிச் சுருக்கங்களை எடுப்பாக்கி, நிறத்தையும் சற்றுக் கறுப்பாக்கினேன். எங்கள் புகைப்படக் கழகப் போட்டியில், இயற்கைப் பிரிவில், அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பறவைகள் விஷயம் தெரிந்த நண்பர், "இது மோசடி, பரிசைத் திருப்பிக் கொடு" என்கிறார். மகளோ, "இன்றைக்கு மாற்றாமல் யார் படம் போடுகிறார்கள்?" என்கிறாள். இதற்கிடையே, நீர்நிலைகளின் நிலைமை பற்றி அறிக்கை தயாரிக்கும் ஓர் அமைப்பு அந்தப் படத்தை அட்டையில் வெளியிட அனுமதி கேட்டிருக்கிறது. பாட்டில்களை அகற்றியது குப்பை பொறுக்கியதற்குச் சமம். முகத்தைத் திருத்துவது எல்லோரும் செய்வது. எனவே அவை என்னை உறுத்தவில்லை. பறவைகளைச் சேர்த்தது தவறா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும், அதாவது கேமராவிலிருந்து வந்ததையும் பரிசு பெற்றதையும், மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். பறவைகளைப் பற்றி மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். என் கண்ணோ திரும்பத் திரும்பப் பாட்டில்கள் இருந்த இடத்துக்கே போயிற்று. பறவைகளுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், உங்கள் நண்பர் நினைப்பதுபோல் திருத்தம் என்பது கணினி கொண்டுவந்த கேடு அன்று. 1850களில் படம் எடுக்கப் பயன்பட்ட கொல்லோடியன் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடலுக்கு வேண்டிய அளவு ஒளி கொடுத்தால், வானம் மேகமில்லாத வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொரு நெகட்டிவிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே பெரும் காட்சியை உருவாக்கினார். ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990இல். அதற்கு முன்பே இந்தக் கலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

நானும் இருட்டறையில் வேலை பார்த்தவன்தான். மெல்லிய கம்பியின் நுனியில் நாணயம் அளவுக்கு வெட்டிய அட்டையை ஒட்டி, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் ஒளிக்கும் தாளுக்கும் நடுவே பிடித்து, முகம் இருக்கும் இடத்துக்கு மட்டும் சில விநாடி ஒளி குறைய வைப்போம். அதற்குப் பெயர் டாட்ஜிங். கையை ஒரு கணம் நிறுத்தினாலும் அட்டையின் விளிம்பு தாளில் வளையமாகப் பதிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதே பெயரில், அதே வேலையைச் செய்யும் கருவி இன்று உங்கள் கணினியிலும் இருக்கிறது. கை நடுக்கம் ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே மாற்றினீர்களா என்பதை நான் கேட்கப்போவதில்லை. எதை மாற்றினீர்கள், அதைப் பார்ப்பவரிடம் என்னவென்று சொல்லிக் கொடுத்தீர்கள் என்பவையே என் கேள்விகள். இதற்கு நான் பல ஆண்டுகளாகக் கையாளும் ஒரு வழி உண்டு. படத்தில் செய்த மாற்றத்தை ஒரே வரியில் படத்துக்கு அடியிலேயே எழுதிப் பார்ப்பேன். எழுதிய பிறகும் படம் அதே மதிப்போடு நின்றால் கவலை இல்லை. அந்த வரியை எழுதினால் படம் பயனற்றுப் போகும் என்று தோன்றினால், படத்தின் மதிப்பு முழுவதும் அந்த வரியை மறைப்பதிலிருந்துதான் வந்திருக்கிறது.

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். "ஏரியின் நிலைமை பற்றிய இந்த அறிக்கையின் அட்டைப் படத்தில் மிதந்த ஏழு பாட்டில்கள் நீக்கப்பட்டுள்ளன" என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியுமா? குப்பை பொறுக்கியதற்குச் சமம் என்கிறீர்கள். பொறுக்கியிருந்தால் ஏரி சுத்தமாகியிருக்கும். நீங்கள் சுத்தம் செய்தது பார்ப்பவரின் கண்ணை மட்டுமே. பாட்டில்கள் இருந்த இடத்தில் இப்போது தெரியும் சிற்றலைகள் எந்தக் கேமராவின் முன்னும் ஒருபோதும் இருந்தவை அல்ல. சுற்றியுள்ள நீரைப் பார்த்துக் கருவி ஊகித்து வரைந்தவை. கருவியைக் குறைசொல்ல மாட்டேன், மிக நேர்த்தியாகத்தான் வரைந்திருக்கிறது. படகின் முனையருகே ஓர் அலை மட்டும் பாதியில் அறுந்து நிற்கிறது, அதைப் போட்டியின் நடுவர்கள் கவனிக்கவில்லை.

இதே செயலை வேறொரு நோக்கத்துக்குச் செய்திருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன். அமெரிக்க இயற்கைக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1944இல் எடுத்த பனிக்காலச் சூரியோதயப் படத்தில், லோன் பைன் என்ற ஊரின் முதலிரண்டு எழுத்துகளை அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் மலைச்சரிவில் பெரிதாக, வெள்ளை நிறத்தில் அமைத்திருந்ததும் பதிந்திருந்தது. அவர் அதை அழித்தார். அழித்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் நதியின் படத்திலிருந்து எதிர்க்கரைக் கட்டடத்தையும் கரையில் நடந்தவர்களையும் நீக்கி, பச்சையும் சாம்பலுமான பட்டைகளாகவே அந்த நதியை நிறுத்தினார். 2011இல் அந்தப் படத்தின் ஒரு பிரதி ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. நீக்கியது தெரிந்தேதான் வாங்கினார்கள். அந்த நதி அப்படித்தான் இருக்கிறது என்று அவர் யாரிடமும் அறிக்கை கொடுக்கவில்லை. உங்கள் படத்தைக் கேட்பவர்களோ, நீர்நிலை எப்படி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லப்போகிறவர்கள். அவர்கள் கேட்டது சாட்சியம். நீங்கள் கொடுக்கவிருப்பது ஓவியம்.

செய்தித் துறை இதில் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்துக்குச் சிரியப் போரைப் படமெடுத்த ஒருவர், தரையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவைப் படத்தின் மூலையிலிருந்து அழித்தார். போரைப் பற்றிய எந்த உண்மையும் அதனால் மாறவில்லை. படம் சற்று அழகானது, அவ்வளவுதான். 2014 ஜனவரியில் அந்த நிறுவனம் அவருடனான தொடர்பையே முறித்துக்கொண்டது. அன்று அது அதிகப்படியான தண்டனையாகவே எனக்குத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. மூலையில் கிடந்த கேமராவை அழிக்கத் துணிந்த கை அடுத்த படத்தில் எதை அழித்தது என்று வாசகர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதாகிவிடும்.

அடுத்தது முதியவரின் முகம். இதை எல்லோரும் செய்கிறார்கள் என்று எளிதாகக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். ஒளியையும் நிறத்தையும் மட்டும் தொட்டால் பொய் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1994 ஜூனில், கறுப்பினத்தவரான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது, காவல்துறை எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் என்ற இரு வார இதழ்களும் அட்டையில் போட்டன. டைம் அதைக் கறுப்பாக்கி நிழலைக் கூட்டியிருந்தது. நியூஸ்வீக் அப்படியே போட்டது. படத்தில் எதுவும் சேர்க்கப்படவில்லை, நீக்கப்படவுமில்லை. ஆனால் இரண்டும் கடைகளில் அருகருகே தொங்கியபோது, கறுப்பைக் கூட்டுவதற்கு என்ன பொருள் என்று ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் மூலப்படத்தில் அந்த முதியவர் கழியை ஊன்றிவிட்டு எதையோ நினைத்து லேசாகச் சிரிக்கிறார். பரிசுப் படத்தில் அந்தச் சிரிப்பு கன்னத்துச் சுருக்கங்களின் நிழலில் மறைந்து, துன்பத்தில் தோய்ந்த ஒரு முகமாகிவிட்டது. நடுவர்களுக்குப் பிடித்தது அந்தத் துன்பமாகத்தான் இருக்கும். அது அவருடையதா?

ஸ்டூடியோவில் இருந்த காலத்தில், நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து முகத்தின் பள்ளங்களை நிரப்புவோம். ஒருமுறை, நடுவயதுக்காரர் ஒருவரின் புருவத்துக்கு மேலிருந்த தழும்பை, கேட்காமலேயே அழகாக மறைத்துக் கொடுத்தேன். படத்தைக் கையில் வாங்கியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என் தம்பி மாதிரி இருக்கிறது" என்றார். பென்சிலைத் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி அச்சிட்டேன். தழும்பு திரும்பி வந்தது. கூலி வாங்கவில்லை. முகத்துக்குச் சொந்தக்காரர் அறைக்குள்ளேயே இருந்ததால் எனக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. உங்கள் படகுக்காரர் தம் படத்தைப் பார்த்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை.

இனி பறவைகள். இயற்கைப் பிரிவில் போட்டியிட்ட படம் என்பதால், உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பிரிவுக்குப் படத்தைப் பார்க்கும் எவரும், பறவைகள் அந்தக் கணத்தில் அங்கே பறந்தன என்றே எடுத்துக்கொள்வார்கள். கழக விதி எப்படி இருந்தாலும், செயலாளருக்கு நீங்களே எழுதிவிடுங்கள். பெரிய போட்டிகளில் மூலக்கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 2015இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் இறுதிக்கு முந்தைய சுற்றில் ஐந்தில் ஒரு பங்குப் படங்கள் இப்படித்தான் வெளியேற்றப்பட்டன. பரிசை என்ன செய்வது என்பதைக் கழகம் முடிவு செய்யட்டும். அந்தப் படத்தையே, இத்தகைய மாற்றங்களுக்கு இடமுள்ள படைப்பாக்கப் பிரிவுக்கு மாற்றுவார்கள் என்றால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். "பறவைகள் வேறொரு படத்திலிருந்து சேர்க்கப்பட்டவை" என்ற வரியை அடியில் எழுதினாலும் அந்தக் காலையின் அமைதி படத்தில் குறையாது. மூன்று மாற்றங்களில் நான் மன்னிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். எல்லோரும் மாற்றுகிறார்கள் என்பது உண்மையானால், மாற்றியதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் இருக்கக் கூடாது.

அறிக்கை தயாரிக்கும் அமைப்புக்கு இந்த வாரமே மூலப்படத்தை அனுப்புங்கள், பாட்டில்களோடு. என் கணக்கில் அட்டைக்கு அதுவே பொருத்தம்: சிரிக்கும் முதியவர், இளஞ்சிவப்பு நீர், அவர் கழியைச் சுற்றி ஏழு பாட்டில்கள். பரிசுப் படத்தில் இல்லாத ஒரு விஷயமே அதில் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால், போகட்டும்.

கடைசியாக, கைவேலை பற்றி நீங்கள் கேட்காத ஒன்று. பொய்யைவிட முன்னதாகவே என் கண்ணை உறுத்தியது வேலைப்பாட்டிலுள்ள குறை. 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதழின் புகைப்படக்காரர் ஒருவர், ஈராக்கில் சில கணங்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கினார். பின்னணியில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்கள் இரண்டு முறை தெரிந்ததை இன்னொரு நாளிதழில் வேலை பார்த்தவர் கண்டுபிடித்தார். வேலை போயிற்று. ஒட்டுவேலையில் மறந்துபோவது எப்போதும் பின்னணிதான். உங்கள் பறவைகள் தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கின்றன, ஆனால் படகுக்கும் கழிக்கும் இருக்கும் பிம்பம் அவற்றுக்கு நீரில் இல்லை. விடியலில் இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம். படகின் மேல் விழும் ஒளி இன்னும் சிவப்பாக இருக்க, பறவைகளின் மார்பு அதற்குள் மஞ்சள் பூத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவை படத்துக்கு உள்நோக்கிப் பறக்க வேண்டும் என்று வலமிடம் மாற்றிவிட்டீர்கள். படைப்பாக்கப் பிரிவுக்கு அனுப்புவதானால், அதற்கு முன் அவற்றைப் பழையபடி திருப்பி, நிறத்தைச் சிவப்புக்கு இறக்கி, நீரில் மங்கலாக மூன்று பிம்பங்களும் சேர்த்துவிடுங்கள். படகுக்காரருக்குச் சூரியன் இடப்பக்கம் உதிக்கிறது, உங்கள் பறவைகளுக்கு வலப்பக்கம்.